கருந்திராட்சைக்கு ஒரு சிவப்புக் கோடு

என் கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். பெரம்பலூரில் ஓர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். வீடு அரியலூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அந்தப் பயணத்தில் கையில் கிடைத்த எதையும் படிப்பேன், படித்ததில் பிழை இருந்தால் திருத்துவேன். கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், கோயில் ரசீது எதுவும் என்னிடம் தப்பியதில்லை. ஒருமுறை என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழில் ஏழு இடங்களில் வட்டம் போட்டு, அதை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த வீட்டில் எனக்குக் காபி கிடைக்கவில்லை. காபி போனாலும் பரவாயில்லை, பிழை போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் மூட்டை நிரப்பும் பிரிவில் சூப்பர்வைசர். நல்ல மனிதர். ஆனால் சொன்னதைச் சொன்னபடிதான் கேட்பார். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. "வரும்போது தக்காளி ரெண்டு வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால், பையில் இரண்டே இரண்டு தக்காளி உருண்டுகொண்டு வரும். "கிலோன்னு நீ சொல்லலியே" என்பார். கோபித்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் கிலோ என்று நான் சொல்லவில்லை.

இப்படி ஒருத்தி பேச, ஒருவர் எழுத்துக்கு எழுத்து கேட்க, இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நன்றாகவே ஓடியது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். இங்கிலீஷில் எது எழுதியிருந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் என்னுடையது. மின்சார வாரியக் கடிதம், எல்.ஐ.சி. பத்திரம், டி.வி. பெட்டியோடு வந்த புத்தகம் எல்லாம் என் மேஜைக்கு வரும். நான் படித்துத் தீர்ப்புச் சொல்வேன். மேல்முறையீடு கிடையாது. ஒரே மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இருந்திருந்தால் அவளாவது எதிர்த்துப் பேசியிருப்பாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் சித்திரை வெயிலில், ஆலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது. கூட வந்தவர்கள் பஸ்ஸைத் திருப்பி நேராகத் திருச்சிக்கே கொண்டுபோய்விட்டார்கள். அடைப்பு. உள்ளே சின்னதாக ஒரு கம்பிச்சுருள் வைத்து ரத்தம் ஓட வழி பண்ணினார்கள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று நான்கு மாத்திரைகள். "உயிரு இருக்கற வரைக்கும் மாத்திரை இருக்கும்" என்று டாக்டர் சொன்னார். உப்பைக் குறையுங்கள், நடங்கள், பழம் நிறையச் சாப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாடிப்படியில் ஏற மாட்டார். யாராவது பார்க்க வந்தால் ஆரஞ்சுப் பையை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார். அதை நான் ஓய்வு என்று நினைத்தேன். "ரெஸ்ட் எடுக்கறார்" என்று வந்தவர்களிடம் சொன்னேன். எனக்குத் தெரியாத ஒன்றையும் தெரிந்த மாதிரி சொல்வதில் நான் கெட்டிக்காரி.

அவரைச் சுவரிலிருந்து திருப்பியது நான் அல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜூஸ் கடை. அந்தக் கடைக்கார பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். பதினோரு வருடம் ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையில் பழச்சாறு பிழிந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கடை வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார். கருந்திராட்சை படம் போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம் வரைந்து, கீழே தமிழ் எழுத்தில் 'ஆன்டி ஆக்சிடென்ட் நிறைந்தது' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கை அரித்தது. முதல் நாளே இறங்கிப் போனேன்.

"பாய், இது ஆக்சிடென்ட் இல்ல, ஆக்சிடன்ட். ஆக்சிடென்ட்னா விபத்து. நீங்க விபத்துக்கு எதிரான ஜூஸ்னு போட்டுருக்கீங்க."

பாய் பிழிந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் பலகையை நிதானமாகப் பார்த்தார். அந்த நேரத்தில் சிமெண்ட் லாரிகள் மூன்று வரிசையாகப் போய், புழுதி அடங்க நேரமாயிற்று.

"நம்ம ரோட்டுக்கு அதுவும் தேவைதானுங்களே டீச்சர்" என்றார்.

பலகை அப்படியே இருந்தது. நானும் அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

என் கணவர் அந்தப் பலகையைத்தான் நம்பினார். பழம் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னாரா, இங்கே பழத்துக்குப் பக்கத்தில் இதயமே வரைந்திருக்கிறதா, முடிந்தது. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, சாயங்காலம் ஆலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பாய் கடை. கருந்திராட்சை, தோலோடு, கொட்டையோடு, சர்க்கரை இல்லாமல், ஐஸ் இல்லாமல் ஒரு கிளாஸ். வீட்டுக்குள் நுழையும்போதே நாக்கு ஊதாக் கலரில் இருக்கும். ஜூஸ் குடித்ததற்கு அத்தாட்சியாக அதை நீட்டிக் காட்டுவார். ஐம்பது வயதை நெருங்கும் ஆண்பிள்ளை, இரண்டாயிரம் மூட்டைக்குக் கணக்குச் சொல்லும் சூப்பர்வைசர், சமையலறை வாசலில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் அவர் மாடிப்படி ஏற ஆரம்பித்திருந்தார். மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தார். கல்லங்குறிச்சி கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை என்னோடு வந்து, பெருமாளைப் பார்த்துவிட்டுப் பிரகாரத்தையும் சுற்றி வந்தார். ஆளைத் திருப்பித் தந்த அந்த ஒரு கிளாஸ் ஜூஸை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும்.

ஆனால் நான் படிக்கிறவள் ஆயிற்றே.

ஆவணி மாதம் மாத்திரைகளைத் திருச்சியிலிருந்து பெட்டியாக வாங்கி வந்தோம். அதுவரை இங்கே கடையில் அட்டை அட்டையாகத்தான் வாங்கியிருந்தோம். கொழுப்பு மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. எனக்கு விருந்து. சாயங்காலம் காபியோடு அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதித் தாளில் அந்த வரி வந்தது. இந்த மாத்திரை சாப்பிடும்போது 'கிரேப்ஃப்ரூட் ஜூஸ்' குடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எனக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் மண்டையில் ஏறின. முதலாவது, ஐயோ, திராட்சை ஜூஸ்! இரண்டாவது, சே, மாத்திரை கம்பெனிக்காரனுக்குமா இந்த வியாதி!

இது என்ன வியாதி என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் மாம்பழம், வாழைப்பழம், திராட்சைப்பழம் என்று பழத்தைச் சேர்த்தே சொல்கிறோம். அதனால் என் பிள்ளைகள் இங்கிலீஷில் எழுதும்போதும் மேங்கோ ஃப்ரூட், ஆப்பிள் ஃப்ரூட், கிரேப் ஃப்ரூட் என்று எழுதுவார்கள். பதினெட்டு வருடமாக வருடா வருடம் அந்த ஃப்ரூட்டை அடித்து அடித்து என் பேனாவில் மை தீர்ந்தது. இப்போது ஒரு கம்பெனி அதே தப்பைச் செய்திருக்கிறது, அதுவும் இரண்டு வார்த்தைக்கு நடுவே இடம்கூட விடாமல்! நான் பேனாவைத் திறந்தேன். 'ஃப்ரூட்' என்ற பகுதியின் மேல் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தேன். கோடு விழுந்த பின் 'கிரேப் ஜூஸ்' மிச்சம் நின்றது. திராட்சை ஜூஸ். சுத்தமான இங்கிலீஷ்.

அவர் வந்தார். வழக்கம்போல் நாக்கை நீட்டினார்.

"உள்ள இழுங்க அதை" என்றேன். "இன்னையோட திராட்சை முடிஞ்சுது. மாத்திரையும் திராட்சையும் சேரக் கூடாதாம். சேந்தா உடம்புக்கு ஆவாது. பேப்பர்லயே போட்டுருக்கான்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்கும் வாசிக்க வரும். ஆனால் சிவப்பு மை விழுந்த இடத்தை அவர் ஒருபோதும் கேள்வி கேட்டதில்லை.

"பாய் கடைல எல்லாரும் குடிக்கிறாங்களே" என்றார் மெல்ல.

"எல்லாருக்கும் நெஞ்சுக்குள்ள கம்பி இருக்கா?"

முகம் சுருங்கிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தேன், பார்த்தும் விடவில்லை. சிறுவாச்சூர் அம்மன் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். "மாத்திரையையும் திராட்சையையும் சேத்துத் தொட மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். வார்த்தை மாறாமல் சொன்னார். "மாத்திரையையும் திராட்சையையும் சேத்துத் தொட மாட்டேன்."

மறுநாள் ஆசிரியர் அறையில் என் கண்டுபிடிப்பை அறிவித்தேன். கணக்கு சாரின் மனைவிக்கும், எங்கள் தலைமையாசிரியருக்கும் கொழுப்பு மாத்திரை உண்டு. தலைமையாசிரியர் அன்று மதியம் டப்பாவில் கொண்டுவந்திருந்த திராட்சையை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே காக்காய்க்குப் போட்டார். எனக்கு மனம் நிறைந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் இதயங்களையெல்லாம் நான் ஒருத்தியே காப்பாற்றிக்கொண்டிருப்பதாக எண்ணம்.

வீட்டில் திராட்சைக்குப் பதிலாக நெல்லிக்காய்ச் சாறு கொண்டுவந்தேன். அதிலும் நல்ல சத்து உண்டு என்று வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, உப்பில்லாமல், காலையில் வெறும் வயிற்றில். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காதுவரை ஓடும் புளிப்போடு சுவரைப் பார்த்து நிற்பார். நன்றாக இருக்கிறதா என்று கேட்பேன். "இருக்கு" என்பார். நன்றாக என்பதை விட்டுவிட்டதை நான் கவனிக்கவில்லை.

அப்புறம் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பேன். "மாத்திரை எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு."

இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் அதே கேள்வி, அதே பதில். ஊரில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். மாத்திரை போட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். நான் இங்கிலீஷ் டீச்சர், என் தமிழும் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வரும். எடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் எடுத்தார். அட்டையிலிருந்து எடுத்தார். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இது எனக்குத் தெரிய ஐந்து வாரம் ஆயிற்று.

காலாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வாசல் கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஜூஸ் கடை பாய். தொழுகை முடித்து நேராக வந்திருக்கிறார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. பலகை விஷயமாக ஏதோ சமாதானம் பேச வந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"டீச்சர், சார் மாத்திரை சாப்புடறதில்ல. ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"அதெல்லாம் ஒழுங்கா எடுக்கறாரே. நான் தினம் கேக்கறேன்."

"நேத்து காசு எடுக்கையில பையிலேந்து விழுந்துச்சுங்க. நாலு மாத்திரை, நாலும் வேற வேற கலரு. என்னா சார் இதுன்னேன். ரெண்டும் சேரக் கூடாது, அதனால மாத்திரைய விட்டுட்டேன் பாய், ஜூஸ விடலன்னு சொல்றாரு. கடைக்குப் பக்கத்துச் சாக்கடைல தினமும் போடுறாராம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க வாப்பா இப்டித்தானுங்க, நல்லாயிட்டேன்னு மாத்திரைய நிறுத்துனாரு. அந்த மாசமே மவுத்தாயிட்டாரு."

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நான் ரெண்டையும் சேக்காதீங்கன்னுதான சொன்னேன்? ஜூஸைத்தான விடச் சொன்னேன்?" என்பதுதான். அப்படி நான் சொல்லவில்லை என்பது சொல்லி முடிக்கும்போதே நினைவுக்கு வந்தது. சத்தியத்தில் எதை விட வேண்டும் என்ற வார்த்தையே இல்லை. எந்த மாத்திரை என்றும் இல்லை. நான் மறுபடியும் கிலோ என்று சொல்லாமல் விட்டிருந்தேன்.

"ஆனா டீச்சர், எதுக்கு சேரக் கூடாது?" என்றார் பாய். "திராட்சைக்கும் மாத்திரைக்கும் என்னா பகை?"

உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்து நீட்டினேன். பாய் தூரத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் விரலை வைத்தார்.

"இதை ஏன் அடிச்சிருக்கீங்க?"

"தப்பா எழுதியிருந்தான். திருத்தினேன்."

பாய் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும்.

"டீச்சர், கிரேப்ஃப்ரூட்டுன்னா திராட்சை இல்லீங்க. அது வேற பழம். பேருலதான் திராட்சை. சாத்துக்குடி மாரி, அதவிடப் பெருசா இருக்கும். அறுத்தா உள்ள ரோஸா இருக்கும். வாயில வச்சா கசக்கும். வெள்ளக்காரங்க காலைல அதத்தான் கேப்பாங்க. பதினோரு வருசம் தெனமும் ரெண்டு பொட்டி புழிஞ்சேன், கை தோலே உரிஞ்சு போச்சு. நம்ம ஊருல அது கெடைக்காது. கெடச்சாலும் யாரும் குடிக்க மாட்டாங்க."

நான் எம்.ஏ., பி.எட். அவர் ஐந்தாவது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிடம் என் மனதில் ஓடியது இதுதான். "பாத்துடலாம்" என்றேன். என்னைப் பெற்றவர்களுக்கு இருந்த பிடிவாதமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் வாங்கியே ஆக வேண்டும், சந்தேகம் இல்லாவிட்டாலும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் வகுப்பு வகுப்பாகக் கத்திய அதே அகராதி. கிரேப் என்ற சொல்லுக்கு நேர் கீழே, ஒட்டிக்கொண்டு, கிரேப்ஃப்ரூட் இருந்தது. கசப்பும் புளிப்பும் உள்ள பெரிய கிச்சிலி வகைப் பழம்.

பதினெட்டு வருடமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. ஒரு விரற்கடை கீழே கண்ணை ஓட்டியிருந்தால் போதும்.

பாய்க்கு அகராதி தேவைப்படவில்லை. "நேத்தோட சரி, இனிமே நான் அவருக்கு ஜூஸ் குடுக்க மாட்டேன். மாத்திரை சாப்புட்டாருன்னு நீங்க சொன்னாத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் தவறாமல் வரும் வாடிக்கைக்காரரை இப்படி ஒரே நாளில் விட்டுக்கொடுக்க எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவருடைய பலகையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த அத்தனை நாளுக்கும் சேர்த்து எனக்கு வலித்தது.

திருச்சிக்கு போன் போட்டேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்புக் கோடு உட்பட. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையையுமா விட்டுட்டாரு?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு, "அஞ்சு வாரம் ஒண்ணும் ஆகாம இருந்தது உங்க அதிர்ஷ்டம். வந்த உடனே நாலையும் போடச் சொல்லுங்க. நாளைக் காலைல மொத ஆளா இங்க இருக்கணும். ஜூஸ் குடிக்கட்டும், அளவா. ஆனா மாத்திரை செய்யிற வேலைய எந்த ஜூஸும் செய்யாதும்மா, புரியுதா?" என்றார். வகுப்பில் நான் கேட்கும் அதே 'புரியுதா'. புரிந்தது என்று சொன்னேன்.

ஆறு மணிக்கு அவர் வந்தார். நாக்கில் ஊதா இல்லை. அதுவரை அந்த ஐந்து வாரமும் அவர் பாய் கடையிலேயே வாயைக் கொப்பளித்துவிட்டு, நாக்கைத் துண்டால் தேய்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அன்று தேய்க்கவே தேவைப்படவில்லை.

"பாய்க்கு என்னமோ ஆயிப்போச்சு. ஜூஸ் கெடையாது, மொதல்ல வூட்டுக்குப் போயி டீச்சரப் பாருங்கன்றாரு" என்று சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றினார்.

நான்கு மாத்திரைகளையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்தவுடன் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தேன். இல்லை, நேராக நின்றார்.

"சத்தியத்த நான் மீறல. சேத்துத் தொடல."

"தெரியும். இப்பப் போடுங்க. டாக்டர் ரெண்டும் சாப்பிடலாம்னு சொல்லிட்டாரு."

"டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பேப்பர்ல போட்டுருக்கே."

"அது... அந்தப் பேப்பர்ல கொஞ்சம் கொழப்பமா எழுதிட்டாங்க."

"நீதான் திருத்திட்டியே."

"பாய்கூட வந்து சொன்னாரு, அது வேற பழமாம்."

"அவருக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? ஒனக்குத் தெரியாததா?" என்றார். கிண்டல் இல்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார். "இருவது வருசத்துல நீ படிச்சுச் சொன்னது ஒண்ணாவது தப்பாப் போயிருக்கா? ரெண்டும் சேந்தா ஆவாது. நான் மாத்திரையத் தொட மாட்டேன்."

டாக்டர் சொன்னால் நம்ப மாட்டார், அகராதியைக் காட்டினால் அதற்கும் நான்தான் அர்த்தம் சொல்ல வேண்டும். இந்த மனிதரைச் சாகவிடாமல் காப்பாற்ற ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாத்தனாரிடம் சொல்லவில்லை, தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை, பெற்ற பெண்ணிடம் சொல்லவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். அவர் கிண்ணத்தை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"நான் தப்பாப் படிச்சுட்டேங்க" என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். விழுந்திருந்தாலும் அர்த்தம் ஆகவில்லை.

"நான்தான் தப்பு. அவன் சரியாத்தான் எழுதியிருந்தான். நான் அதை அடிச்சு, தப்பாக்கிட்டேன். என் தப்பால நீங்க இந்நேரம்..." அழுதுவிட்டேன். கல்யாணமாகி அவர் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில்கூட வராந்தாவுக்குப் போய்த்தான் அழுதேன்.

அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"இந்த மாத்திரையக் கையில எடுத்தாலே அந்த பஸ்ஸு ஞாபகம் வந்துடுது" என்றார். "நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன் பாரு, அது. தினமும் ரெண்டு வேளை. பாய் கடைல அப்புடி இல்ல. அங்க எல்லாரும் குடிக்கிறாங்க, நானும் குடிக்கிறேன். அங்க நான் சீக்காளி இல்ல. ரெண்டுல ஒண்ண விடணும்னு நீ சொன்னப்ப, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. எத விடறதுன்னு நான் யோசிக்கவே இல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை..."

"ஒன்கிட்டயா?" என்றார்.

கிண்ணத்திலிருந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். நான் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீயும் தப்புப் பண்ணுவேன்னு தெரிஞ்சிருந்தா, என்னைக்கோ சொல்லியிருப்பேன்."